பன்னிரண்டாவது துப்பாக்கி

— டீயைக் கையில வச்சுக்கிட்டே நிக்கிறீங்களே மெர்வின், குடிங்க. சர்க்கரை போதலையா?

— டீ இருக்கட்டும்மா. கிளாரி எங்க?

— விடிஞ்சதும் கிளம்பிட்டாரு. கடைசி வேலிக்கிட்ட பன்னி இறங்கியிருக்கு. நேத்து ஒரே நாள்ல எட்டு ஆட்டுக்குட்டி போச்சு. பிறந்து ஈரம்கூடக் காயாத குட்டிங்க. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துட்டுத்தான் வருவேன்னு போயிருக்காரு.

— என்ன எடுத்துக்கிட்டுப் போனான்?

— ரொட்டியும் குளிர்ந்த கறியும். ஏன், உங்களுக்கும் வேணுமா?

— துப்பாக்கியைக் கேக்குறேன் ஐரீன். எந்தத் துப்பாக்கி?

— நான் மாட்டுக்கிட்ட இருந்தேன், பாக்கல. வேற எது? பட்டாளத் துப்பாக்கி ஒண்ணை உங்க கையால மாத்திக் குடுத்தீங்களே, அதுதான் இருக்கும். அதை இப்பல்லாம் வீட்டுக்குள்ள கொண்டாரதில்ல, வண்டியிலயே வச்சுக்கிறாரு. என்ன மெர்வின், மூஞ்சி ஏன் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஆயிருச்சு?

— அது வந்து… கிளம்பும்மா. என் வண்டியில ஏறு. வழி காட்டு.

— எங்க?

— கிளாரி இருக்குற இடத்துக்கு. அவன் இன்னொரு தடவை சுடறதுக்குள்ள போகணும்.

— அடுப்புல ரொட்டி வெந்துக்கிட்டிருக்கு!

— கருகட்டும். சொல்றதைக் கேளும்மா, ஏறு.

…

— இடது பக்கம். அந்தத் தண்ணித் தொட்டியைச் சுத்திக்கிட்டுப் போங்க. மெதுவா! பின்னாடி என்ன இப்படி லொடலொடன்னு உருளுது?

— துப்பாக்கி. தார்ப்பாய்க்கு அடியில பத்து கிடக்கு.

— பத்தா? மறுபடியும் சண்டைக்குக் கிளம்பிட்டீங்களா?

— எல்லாம் நான் மாத்திக் குடுத்தது. பன்னெண்டு பேருக்குக் குடுத்தேன். நேத்துலேர்ந்து வீடு வீடாப் போய்த் திருப்பி வாங்கிக்கிட்டிருக்கேன். பதினோராவது உன் தம்பி டட்லியோடது, அது போலீஸ் ஸ்டேஷன்ல கிடக்கு. பன்னெண்டாவது கிளாரிகிட்ட.

— டட்லியோடதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? அவன் குழல்ல மண்ணு அடைச்சிருந்துதுன்னு நீங்கதானே சொன்னீங்க. ஆஸ்பத்திரியில, அவன் கட்டில் பக்கத்துல நின்னு சொன்னீங்க. "மண்ணு அடைச்ச குழல்ல சுட்டா வெடிக்காம என்ன செய்யும்"னு.

— சொன்னேன்.

— அதைக் கேட்டுத்தானே அவனை நான் அந்தத் திட்டு திட்டினேன்? கண்ணுல கட்டோட கிடக்குறவனை, "உனக்குச் சின்ன வயசுலேர்ந்தே பொறுப்பு கிடையாது"ன்னு…

— ஐரீன், வேலி கேட்டு வந்துருச்சு. இறங்கித் திற.

— திறக்கிறேன். திறந்துட்டு வந்ததும் நீங்க எனக்குப் பதில் சொல்லணும்.

…

— மூடிட்டேன். ம், சொல்லுங்க.

— மண்ணு இல்ல.

— என்னது?

— குழல்ல மண்ணு இல்லம்மா. நான் போய்ப் பாத்தேன். குழல் கண்ணாடியாட்டம் சுத்தமா இருந்துது. ஓடு அறுந்திருக்கு. தோட்டாவோட பித்தளை ஓடு, அடிப்பக்கத்துலேர்ந்து ஒரு விரல் மேல, கத்தி வச்சு நறுக்கின மாதிரி ரெண்டா அறுந்திருக்கு. அந்த நெருப்பும் புகையும் பித்தளைத் துணுக்கும் பின்பக்கமா வந்து அவன் கண்ணுல…

— ஏன் அறுந்துது?

— அது வந்து…

— வந்து போயின்னு இழுக்காதீங்க மெர்வின்! ஏன் அறுந்துது?

— தோட்டாவைப் பின்னாலேர்ந்து அடைச்சுப் பூட்டுற போல்ட்டுக்கும் குழலுக்கும் நடுவுல இடம் கூடுதலா இருந்துது. மயிரிழை கூடுதல்தான். ஆனா சுடும்போது அந்த இடத்தை நிரப்ப ஓடு நீளும். நீண்டு நீண்டு ஒரு நாள் அறுந்துரும்.

— ஏன் கூடுதலா இருந்துது?

— எல்லாம் பட்டாளத்துல கழிச்சுப் போட்ட துப்பாக்கி. சண்டை முடிஞ்சு ஏலத்துல வந்துது. துப்பாக்கி ஒரு பெட்டியில, போல்ட்டெல்லாம் தனியா ஒரு தகர டிரம்முல. ஒவ்வொண்ணுலயும் நம்பர் இருக்கும்மா. இந்தத் துப்பாக்கிக்கு இந்த போல்ட்டுன்னு. டிரம்மைக் கொட்டிப் பாத்தா பாதிக்கு ஜோடியே இல்ல. எது எதுல நுழைஞ்சுதோ அதை அதுல போட்டேன்.

— செருப்பு மாதிரி.

— செருப்புன்னா காலைத்தான் கடிக்கும்.

— இந்த நேரத்துல பழமொழியா?

— அய்யோ, இல்லம்மா. என்ன பேசறேன்னே எனக்குத் தெரியல. ரெண்டு நாளாத் தூங்கல.

— டட்லியும் தூங்கல. இருட்டா வெளிச்சமான்னு தெரியாம கிடக்குறான். நர்ஸைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு "விடிஞ்சுருச்சா, விடிஞ்சுருச்சா"ன்னு கேக்குறான். அந்த போல்ட்டு சரியா உக்காந்திருக்கா இல்லையான்னு பாக்க வழியே கிடையாதா?

— இருக்கு. அளவு பாக்குற இரும்புத் துண்டு ஒண்ணு இருக்கு. அதை உள்ள வச்சு போல்ட்டை மூடிப் பாக்கணும். ஆனா போல்ட்டு மூடிக்கக்கூடாது. மூடிச்சுன்னா அந்தத் துப்பாக்கியைத் தொடக்கூடாது.

— பாத்தீங்களா?

— பாத்தேன்.

— மூடிச்சா?

— நாலுல மூடிச்சு.

— நாலுல.

— பழைய லாரி டயர்ல கட்டி வச்சு, கயித்தைக் கட்டித் தூரத்துலேர்ந்து இழுத்து ஒவ்வொண்ணையும் ஒரு தடவை சுட்டுப் பாத்தேன் ஐரீன். ஒண்ணும் ஆகல. தாங்கும்னு நினைச்சேன். எல்லாரும் அவசரப்படுத்தினாங்க. பட்டாளத் தோட்டாவை வீட்டுல வச்சிருந்தா போலீஸ்காரன் விடமாட்டான், சின்னத் தோட்டாவுக்கு மாத்திக் குடு, பன்னி தின்னுது, கங்காரு தின்னுதுன்னு வாசல்ல வந்து நின்னாங்க…

— அந்த நாலுல ஒண்ணு டட்லியோடது.

— ஆமா.

— இன்னொண்ணு? மெர்வின், இன்னொண்ணு யாரோடது?

— கிளாரியோடது.

— நிறுத்துங்க வண்டியை.

— ஐரீன்…

— நிறுத்துங்கன்னேன்! அது என்ன சத்தம்?

…

— கேட்டுதா?

— கேட்டுது. ஒண்ணு. ஆத்துப் பக்கத்துலேர்ந்து.

— அவரா?

— வேற யாரு இருக்கா இந்த இருபது மைலுக்குள்ள? சத்தம் வந்துச்சுன்னா துப்பாக்கி சுட்டிருக்கு. ஆனா நல்லபடியா சுட்டுதா, வெடிச்சுதான்னு இங்கேர்ந்து சொல்ல முடியாது.

— ஹாரனை அடிங்க!

— காத்து அங்கேர்ந்து இங்க அடிக்குது. அவன் சத்தம் நமக்குக் கேக்கும், நம்ம சத்தம் அவனுக்குக் கேக்காது.

— அடிங்கய்யா! கேக்குதோ கேக்கலையோ, அடிங்க!

— அடிக்கிறேன். அடிக்கிறேன்ம்மா. பிடிச்சுக்க, பள்ளம்.

— இன்னொரு தடவை சுட்டா உயிரோட இருக்காருன்னு அர்த்தம். இல்ல?

— ஆமா.

— ஆனா இன்னொரு தடவை சுடக்கூடாது.

— ஆமாம்மா.

— அட கடவுளே, நான் எதை வேண்டிக்கிறது? சுடணும்னு கேக்கவா, சுடக்கூடாதுன்னு கேக்கவா?

— ரெண்டாவது கேட்டு.

— இடிச்சுட்டுப் போங்க.

— ஆடெல்லாம் வெளியே…

— போகட்டும்! அத்தனையும் ஆத்துல விழட்டும்! இடிங்க!

…

— நெத்தியில ரத்தம் வருது உனக்கு.

— என் நெத்தி கிடக்கட்டும். ஒண்ணு கேக்குறேன். இதையெல்லாம் நேத்தே போன்ல சொல்லியிருக்கலாமே? "கிளாரி, அதைத் தொடாதே"ன்னு ஒரு வார்த்தை. மூணு நொடி ஆகுமா?

— ஒரே கம்பியில பதினாலு வீடும்மா. ஒரு மணி அடிச்சா பதினாலு பேரும் எடுத்துக் காதுல வச்சுக்குவாங்க. உனக்குத் தெரியாததா?

— ஓ. ஊரு கேட்டுரும்.

— அது வந்து…

— ஊரு கேட்டுரும்னு என் புருஷனை விட்டுட்ட. அந்தப் பத்து வீட்டுலயும் என்னன்னு சொல்லித் திருப்பி வாங்கின? அவங்ககிட்டயாவது உண்மையைச் சொன்னியா?

— எண்ணெய் போட்டுச் சுத்தம் பண்ணித் தரேன்னு சொன்னேன்.

— நல்ல மனுஷன் மெர்வின்! பால்ரஸ் வீட்டுக் கிழவி உனக்கு கேக்கு செஞ்சு குடுத்திருப்பாளே?

— குடுத்தா.

— தின்னியா?

— தொண்டையில இறங்கல.

— நீ அழாத. ரோட்டைப் பாத்து ஓட்டு. நீ அழுதா நான் யாரைத் திட்டுறது?

— திட்டும்மா. இதுவரைக்கும் யாரும் திட்டல. அதுதான் தாங்க முடியல.

…

— அங்க! ரெண்டு சத்தம்! கேட்டியா? டும் டும்னு, அடுத்தடுத்து!

— கேட்டேன். உயிரோட இருக்கான். ஐரீன், உயிரோட இருக்கான்.

— ரெண்டும் அவருதானே? ரெண்டாவது… ரெண்டாவது வெடிச்சது இல்லையே?

— தெரியல.

— பொய்யாவது சொல்லேன்! இத்தனை நாள் சொன்னியே, இப்ப ஒண்ணு சொல்லேன்!

— சும்மா இரு. கேளு. பன்னி ஓடறதுக்குள்ள இன்னொண்ணு சுடுவான். பன்னி கூட்டமா இருந்தா ரெண்டோட நிறுத்தமாட்டான். பாலைவனச் சண்டையிலயே அவனை எனக்குத் தெரியும், குண்டு தீர்ற வரைக்கும்…

— ஒண்ணும் கேக்கலையே.

— பொறு.

— ஒண்ணுமே கேக்கல மெர்வின்.

— காக்கா சத்தம் கேக்குது.

— காக்கா எதுக்கு வட்டமடிக்குது? அந்த மரத்துக்கு மேல, பாரு. எதுக்கு அங்கயே சுத்துது?

— பன்னிக்கும்மா. செத்த பன்னிக்கு. மூணாவது கேட்டு. இறங்காத, நானே திறக்கிறேன்.

— அது உனக்குத் திறக்க வராது. தள்ளு, நான் திறக்கிறேன். இந்தச் சங்கிலியைத் தூக்கி இழுக்கணும். ஆறு வருஷமா இதைச் சரி பண்ணச் சொல்றேன் அந்த மனுஷனை… சரி பண்ணவே வேணாம். அப்படியே இருக்கட்டும். ஆளு மட்டும் முழுசா இருந்தாப் போதும்.

…

— அதோ வண்டி.

— கதவு திறந்திருக்கு. ஆளைக் காணோம்.

— கிளாரீ! டேய் கிளாரீ!

— தொப்பி கிடக்குது. மெர்வின், அவரு தொப்பி. அவரு தொப்பியைக் கழட்டவே மாட்டாரு.

— நீ இங்கயே இரு.

— அந்தக் கட்டைக்குப் பின்னாடி… அது பூட்ஸ். மெர்வின், அது காலு. படுத்திருக்காரு.

— நீ வராதம்மா, நான் முதல்ல போறேன். வராதன்னு சொல்றேன்ல! கிளாரி! டேய்!

— கிளாரி! சட்டையெல்லாம் ரத்தம்! அய்யோ, மூஞ்சியைக் காட்டுங்க, கையை எடுங்க மூஞ்சியிலேர்ந்து, கண்ணைக் காட்டுங்க…

— எதுக்கு புள்ள இப்படிக் கத்துற? குட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய தாய்ப்பன்னி பதுங்கியிருக்கு. உன் சத்தத்துக்கு அது இந்நேரம் சிட்னி போயிருக்கும்.

— ரத்தம்…

— பன்னி ரத்தம். ரெண்டு விழுந்துச்சு, இழுத்துப் போட்டேன். சட்டையைப் பாத்து நீ திட்டுவேன்னு தெரியும், அதுக்காக வண்டியிலயே வந்து திட்டணுமா? டேய் மெர்வு, நீ எங்கடா இங்க? ஏன்டா அழற?

— கண்ணு ரெண்டும் நல்லா இருக்காடா?

— உன் மூஞ்சி தெரியுது. அதைப் பாக்குற அளவுக்கு நல்லாத்தான் இருக்கு.

— உக்காரும்மா ஐரீன். உக்காந்துக்க. மூச்சு விடு.

— நான் உக்காரல. நான் இவரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். நாறினா நாறட்டும்.

— என்னதான்டா ஆச்சு உங்களுக்கு?

— கிளாரி, நான் மாத்திக் குடுத்த துப்பாக்கி… அது எங்கடா? கீழ வை. தோட்டா உள்ள இருக்கா? தொடாத, நானே எடுக்கிறேன்.

— இதுவா? இது எங்க அப்பாவோட ரெட்டைக் குழல்டா. குருடா உனக்கு?

— அப்ப அது?

— அது வண்டியில இல்ல. கம்பளிக் கொட்டகையில, மூட்டைக்கு அடியில கிடக்கு.

— எத்தனை நாளா?

— நாலு மாசமா. ஏப்ரல்லேர்ந்து.

— நீ அதைச் சுடவே இல்லையா? நாலு மாசமா?

— இல்ல.

— அட கடவுளே. அட என் கடவுளே. ஐரீன், கேட்டியா? அவன் சுடவே இல்ல. நாம கேட்டது இந்த ரெட்டைக் குழல். ரெண்டு சத்தம் சேர்ந்து வந்துதே, அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்.

— ரெண்டு கேட்டை உடைச்சுக்கிட்டு வந்தோம் இதுக்கு! சிரிக்காதீங்க. நான் சிரிக்கல. அழறேன்.

— ஒரு கேட்டுதான்ம்மா உடைச்சோம்.

— எனக்கு ரெண்டு மாதிரி இருந்துது. கிளாரி, இந்த மனுஷன் என்ன செஞ்சிருக்காருன்னு தெரியுமா உங்களுக்கு? சொல்லு மெர்வின். என்கிட்டச் சொன்ன மாதிரியே இவர்கிட்டயும் சொல்லு. அப்புறம் இங்கேர்ந்து நேரா ஆஸ்பத்திரிக்குப் போறோம், டட்லிகிட்டச் சொல்லணும். அதுக்கப்புறம் போலீஸ் சார்ஜென்ட்கிட்ட.

— சொல்றேன். எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். கிளாரி, உன் துப்பாக்கியோட போல்ட்டு அதோடது இல்லடா. வேற எதையோ போட்டேன். அளவு சேரலைன்னு தெரிஞ்சேதான் உன்கிட்டக் குடுத்தேன். உன்கிட்ட! சண்டையில ஒரே பதுங்குகுழியில படுத்துக் கிடந்தோம், உன்கிட்ட…

— தெரியும்.

— என்ன தெரியும்?

— சரி விடுடா. அளவு சேரலைன்னு தெரியும். ஏப்ரல்ல ஒரு நாள் ஓடு ரெண்டா அறுந்துச்சு. புகை மூஞ்சியில அடிச்சுது. நல்லவேளை, வெயிலுக்குக் கண்ணை இடுக்கிக்கிட்டிருந்தேன். இமை முடி மட்டும் பொசுங்குச்சு. அன்னிக்கே கொண்டுபோய் மூட்டைக்கு அடியில போட்டுட்டேன்.

— என்கிட்ட அடுப்புல பொசுங்கிச்சுன்னு சொன்னீங்க.

— என்ன பண்ணச் சொல்ற புள்ள? உன் வாய் சும்மா இருக்குமா? மறுநாளே ஊரெல்லாம் தெரிஞ்சிருக்கும். இவன் சண்டையிலேர்ந்து வந்து இப்பத்தான் கடை வச்சு ரெண்டு கால்ல நிக்கிறான். ஒரு துப்பாக்கி தப்பாப் போச்சுன்னா அதுக்காக ஒரு ஆளைக் கவுத்துறதா? எனக்கு ஒண்ணும் ஆகலையே.

— நீ என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்டா கிளாரி.

— எப்படிடா சொல்வேன்? நீ வருத்தப்படுவே. என்னோடது ஒண்ணுதான் அப்படின்னு நினைச்சேன். சரி விடு, நாலு பேரு பேசற மாதிரி ஆக வேணாம்னு விட்டுட்டேன்.

— ஏப்ரல்ல.

— ஆமா புள்ள.

— டட்லி வாங்கினது ஜூன்ல. கிளாரி, என்னைப் பாருங்க. அந்தப் பன்னியைப் பாக்காதீங்க. டட்லி எதை வாங்கினாலும் முதல்ல உங்களைத்தானே கேப்பான்? மாடு வாங்கினாலும், குதிரை வாங்கினாலும். ஏன், பொண்ணு பாக்கப் போனப்பகூட உங்களைத்தான் கேட்டான். இதை உங்ககிட்டக் கேட்டானா?

— வீட்டுக்குப் போய்ப் பேசுவோம் ஐரீன்.

— இங்கயே சொல்லுங்க. மெர்வின் முன்னாடியே சொல்லுங்க. என் தம்பி உங்ககிட்ட வந்து கேட்டானா?

— கேட்டான்.

— என்ன சொன்னீங்க?

— "மெர்வு கைபட்டது, கண்ணை மூடிக்கிட்டு வாங்கு"ன்னு சொன்னேன்.